சாரல் காற்று மின்சாரமான கதை

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும். குற்றாலத்தில் சாரலைச் சிந்திவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகச் சுரண்டை, சங்கரன்கோவில், கயத்தாறு என்று கிழக்கே போகும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுவது பணகுடி, வடக்கன்குளம், ராதாபுரம் பக்கம் ஆளையே தள்ளும். மழை தராத அந்தக் காற்றால் மானாவாரிச் சம்சாரிக்கு ஒரு லாபமும் இல்லை.

அளந்து பார்த்த பிறகுதான் அதற்கு விலை வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி 1976-இல் ஓய்வு பெற்றவர் அன்னா மணி. ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1983-இல் இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளைச் சக ஆய்வாளருடன் சேர்ந்து நூலாக்கினார். பெங்களூரிலிருந்து நாடு தழுவிய காற்றளவை ஆய்வையும் நடத்தினார்.

அளவை எளிமையானது. கம்பத்தின் உச்சியில் சிறு கிண்ணங்கள் காற்றில் சுழலும். சுற்றுகளை எண்ணினால் வேகம் தெரியும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் கணக்கில் சிறு பிசகும் பெரிய நஷ்டம். 'இங்கே நல்ல காத்து' என்ற ஊர்ப்பேச்சை நம்பி யாரும் முதல் போட முடியாது.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் எழுந்தன. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் அது ஒன்று. அந்த அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை அதுவும் நெல்லைச் சீமைதான். அடுத்து டென்மார்க் உதவியுடன் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காத்தாடிகள் சுழன்றன. 1990-களில் முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வருமான வரிச் சலுகை கிடைத்ததும் நூற்பாலைகள் வரிசைகட்டி வந்தன. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல்.

காற்று மின்சாரம் கிடைக்கும் அளவுக்கு நிலக்கரி எரிப்பது மிச்சம். 2005-க்கும் 2020-க்கும் இடையில், உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இந்தியா வெளியிடும் பசுங்குடில் வாயு 36 சதவீதம் குறைந்தது. அதில் நம் காற்றுக்கும் பங்குண்டு. ஆனால் பொருளாதாரம் வளர்ந்ததால் மொத்த வெளியீடு 2005-ஐவிடக் கூடித்தான் இருக்கிறது. விகிதம் குறைந்தது நல்ல தொடக்கம். அதோடு நின்றுவிடக் கூடாது.

காற்றாலை வைக்க முன்னே வந்தவர்கள் காற்று அதிகமான இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கெல்லாம் இன்றும் பழைய சிறிய இயந்திரங்கள் நிற்கின்றன. இப்போதைய ஒரு காற்றாலையின் திறன் 2,000 கிலோவாட்டைத் தாண்டும். முள்ளக்காட்டு இயந்திரங்கள் 36-ஐச் சேர்த்தாலும் அதற்கு எட்டாது. பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நிறுத்தத் தமிழக அரசு 2024-இல் கொள்கை வகுத்துவிட்டது. துண்டு துண்டாகக் கிடக்கும் காற்றாலை உரிமைகளை இணைப்பதும், கூடுதல் மின்சாரத்தைத் தாங்கும் கம்பித்தடம் இழுப்பதும் விரைவாக நடக்க வேண்டும். தடம் போதாமல் ஆடி மாதத்தில் ஒரு காத்தாடியை நிறுத்தினால், அந்தக் குறையை எங்கோ ஓர் அனல் மின்நிலையம் நிலக்கரி எரித்துத்தான் ஈடுகட்டும். கிடைக்கிற காற்றை வீணாக்க நமக்கு உரிமையில்லை.