தரங்கம்பாடி: வாடகைக்குப் போன கடற்கரை

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம் புனே தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே?" என்பதுதான். அலிபாக், முருட், கணபதிபுளே என்று கொங்கண் கரையோரம் ஒரு காட்டேஜ் எடுத்து, இரண்டு நாள் கடல் காற்று வாங்கிவிட்டு வருவது இங்கே வழக்கமாகிவிட்டது. கடலோரத்தில் வீடு எடுத்துத் தங்குவது நமக்கு இரண்டு நாள் சமாச்சாரம். ஆனால் சோழ நாட்டுக் கரையில் ஓர் ஊரையே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 225 ஆண்டுகள் காலி செய்யாமல் இருந்தவர்கள் உண்டு. அந்த ஊர் தரங்கம்பாடி. குடியேறியவர்கள் டென்மார்க் நாட்டார்.

முதலில் பெயர். 'பாடும் அலைகள்' என்று சுற்றுலாக் கையேடுகள் அழகாகப் பொருள் சொல்லும். தரங்கம் என்றால் அலை; சரிதான். ஆனால் பாடி என்பது பாட்டு அல்ல, குடியிருப்பு. வேலப்பாடி, காட்டுப்பாடி மாதிரிதான் இதுவும். சடங்கன்பாடி என்பது இவ்வூரின் பழம் பெயர். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆக, டேனியர் வந்தபோது இது ஆளில்லாத மணல்மேடு அல்ல. வணிகமும் வழிபாடும் இருந்த ஊர்.

டேனியருக்காக முதலில் தஞ்சைக்கு வந்து பேசியவர் ரோலண்ட் கிராப்பே. அவருடைய கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் அழித்துவிட, தப்பிக் கரையேறியவர் ரகுநாத நாயக்கரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னர் தளபதி ஓவே ஜெட்டே வந்து சேர, 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தமிழில் பொன் ஏட்டில் கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. ஊர் விற்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் தஞ்சை அரசுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. 3,111 ரூபாய் என்று பல நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அந்த இடத்தில் எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை.

வாடகைக்கு இருந்தால் பாக்கியும் வரும்தானே? டென்மார்க்கில் போரும் பணமுடையும் வந்ததால், 1669 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில் கோட்டையைக் காத்தவர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர். பணம் வராததால் நாயக்கர் படை பலமுறை வந்து நின்றது. அவரோ வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, அந்தச் சரக்கை விற்ற காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் செய்துகொண்டார். வாடகை பாக்கியை வைத்துக்கொண்டே மதில் கட்டியவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

இனி வருவது புனேக்காரர்களாகிய நமக்கு நெருக்கமான செய்தி. 1670-களில் தஞ்சை அரியணை சிவாஜி மகராஜின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஏகோஜியிடம் வந்தது. அதன்பின் டேனியருக்கு 'வீட்டுக்காரர்' மராட்டிய அரசர்! தமிழ்க் கடற்கரை, டேனியக் குடித்தனம், மராட்டிய அரசு என மூன்றும் ஒரே ஊரில் கூடின. மராட்டிய மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நாம், இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் அமைந்தது. 1845-ல் டென்மார்க் தன் இந்தியக் குடியிருப்புகளான தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போக, வணிகமும் அங்கே போயிற்று. தரங்கம்பாடி தூங்கிப்போனது. மயிலாடுதுறையிலிருந்து 1926-ல் வந்த ரயிலும் 1986-ல் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான்.

தூங்கியதால்தான் பழைய வீடுகள் தப்பின என்றும் சொல்லலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை சீரமைக்கப்பட்டது. கடலோரத்து ஆங்கிலேயர் கால பங்களா ஒன்றை நீம்ராணா குழுமம் விடுதியாக்கியது. ராஜா தெருவிலும் பொற்கொல்லர் தெருவிலும் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது உயிரையும் உடைமையையும் அதிகம் இழந்தவர்கள் கரையோர மீனவர்கள். பிறகு அவர்களில் பலருக்குக் கடலைவிட்டுத் தள்ளி வீடு கட்டித் தரப்பட்டது. கடலை நம்பிப் பிழைப்பவர் உள்ளே போனார். கடலைப் பார்க்க வருபவருக்குக் கரையில் அறை கிடைத்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும், இந்த முரண் யோசிக்க வைக்கிறது.

அதற்காகப் போக வேண்டாம் என்பதல்ல. கட்டாயம் போக வேண்டும். விருந்தினர் கொடுக்கும் வாடகையில் பழைய சுவர் நிற்கும் என்றால் அதுவும் நல்ல காரியமே. ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு ஊர்க்காரர் கைக்கும் போகட்டும். சாப்பாட்டை உள்ளூர்க் கடையில் சாப்பிடலாம், மீனை மீனவரிடமே வாங்கலாம், வழிகாட்ட உள்ளூர்ப் பையனைக் கூட்டிக்கொள்ளலாம். கோட்டையைப் பார்த்த கையோடு மாசிலாமணிநாதரையும் தரிசித்து வாருங்கள். வந்தவர் எல்லோரும் ஒருநாள் காலி செய்தார்கள். ஊர் மட்டும் இருக்கிறது. வெளியூரில் வாடகை வீட்டில் வாழ்ந்து பழகிய நமக்கு இது புரியாதா என்ன?