கப்பல் வழி வந்த கோபுரம்

பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் நிற்கும் வாட் அருண் கோயிலைச் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் முதலில் எதிர்க்கரையிலிருந்துதான் பார்க்கிறார்கள். தா தியென் படகுத்துறைப் பக்கம் நின்று, கோபுரத்துக்குப் பின்னால் பொழுது சாயும் நேரத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு படகேறி அக்கரை போய், வாடகைக்குக் கிடைக்கும் தாய்லாந்துப் பட்டாடையை உடுத்திக்கொண்டு இன்னும் சில படங்கள். அவர்கள் காதில் விழும் கதையும் அநேகமாக ஒன்றுதான்: 1767இல் பர்மியப் படை தலைநகர் அயுத்தியாவை அழித்த பிறகு, தளபதி தக்சின் படகில் வந்தபோது இந்த இடத்தில் பொழுது புலர்ந்தது, அதனால் இது விடியலின் கோயில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயில் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, ஏன் இப்படிப்பட்ட தோற்றத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கதையில் பதில் கிடையாது. இந்தக் கோயிலை உருவாக்கியது ஆற்றில் வந்துபோன வணிகக் கப்பல்கள் என்பதே என் வாதம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கோயிலுக்கு முன்னால் இன்று அகன்று ஓடும் ஆறு, மனிதர்கள் வெட்டிய கால்வாய். சாவோ பிரயா முன்பு இங்கே மேற்கு நோக்கிப் பெரிய வளையம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அயுத்தியாவை ஆண்ட சாய்ராச்சா மன்னரின் காலத்தில் (1534–1547) அந்த வளையத்தின் கழுத்துப் பகுதியில் சுமார் 2 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். கடலிலிருந்து தலைநகருக்கு ஏறிச் செல்லும் கப்பல்களுக்கு நீண்ட சுற்று மிச்சமாயிற்று. காலப்போக்கில் வெள்ளம் குறுக்குவழியிலேயே பாய்ந்து கரையை அரிக்க, கால்வாய் ஆறானது. பழைய ஆறு சுருங்கி பாங்காக் நொய், பாங்காக் யாய் முதலிய கால்வாய்களாக எஞ்சியது. அயுத்தியாவுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதால், சுங்கம் வாங்கவும் காவல் காக்கவும் தோன்புரி என்ற ஊர் வளர்ந்தது. பாங்காக் யாய் கால்வாயின் முகத்துவாரத்தில் விசாய்பிரசித் கோட்டை இன்றும் நிற்கிறது. கோயில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாராய் மன்னர் காலத்து (1656–1688) பிரெஞ்சு வரைபடங்களில் வாட் மகோக் என்ற பெயரில் குறிக்கப்பட்டிருப்பது இதே கோயில்தான். தக்சின் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே ஒரு துறைமுகக் கோயில் இருந்தது என்பது இதிலிருந்து தெளிவு.

தக்சின் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் கப்பல்தான் காரணம். அயுத்தியா விழும் முன்பே அவர் முற்றுகையிலிருந்து தப்பித் தென்கிழக்கே போய், சந்தபுரியைக் கைப்பற்றி, அங்கே படகுகளைத் திரட்டிக்கொண்டு கடல் வழியாகத் திரும்பினார். ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து தோன்புரிக் கோட்டையைப் பிடித்த பிறகே மேலேறி, பர்மியரின் முகாமைத் தாக்கினார். எரிந்துபோன அயுத்தியாவை மறுபடி தலைநகராக்காமல் தோன்புரியில் தங்கியதும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவுதான். நாடு பஞ்சத்தில் கிடந்தது; அவர் வெளிநாட்டு வணிகர்களிடம் அதிக விலைக்கு அரிசி வாங்கி மக்களுக்குக் கொடுத்தார். அந்த அரிசி கடலிலிருந்து வந்தாக வேண்டும். அவருடைய தந்தை தென்சீனத்திலிருந்து வந்த தியோசூ சீனர் என்பதும், அந்தச் சமூகத்தின் வணிகர்கள் புதிய தலைநகருக்கு வந்து குடியேறினார்கள் என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. கோயில் அவருடைய அரண்மனை வளாகத்துக்குள் வந்தது. 1779இல் லாவோசின் வியந்தியானிலிருந்து கொண்டுவரப்பட்ட மரகத புத்தர் சிலை, தக்சினுக்குப் பின் அரசரான முதலாம் ராமா தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றிய பிறகு, 1784இல் ஆற்றைக் கடக்கும்வரை இங்கேதான் இருந்தது.

இன்று நாம் பார்க்கும் கோபுரம் தக்சினுக்கு வெகுகாலம் பிந்தியது. சுமார் 16 மீட்டர் உயரமே இருந்த பழைய கோபுரத்தைப் பெரிதாக்க இரண்டாம் ராமா (1809–1824) திட்டமிட்டார். 65 மீட்டருக்கும் மேலாக அதை எழுப்பி முடித்தவர் அவருடைய மகன் மூன்றாம் ராமா (1824–1851). இந்த மகன் அரியணை ஏறும் முன் துறைமுக நிர்வாகத்தைக் கவனித்தவர். சீனத்துக்குக் கப்பல் அனுப்பி வணிகம் செய்தவர். பெரிய சீன வணிகர்களைக் குறிக்கும் பட்டப்பெயரால் தந்தையே அவரைச் செல்லமாக அழைப்பாராம். சிவப்புப் பைகளில் அவர் சேர்த்து வைத்த பணம், 1893இல் பிரான்சுக்கு சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) கட்ட வேண்டியிருந்த நஷ்டஈட்டுக்கு உதவியது. கோபுரத்தின் அருகில் போய்ப் பார்த்தால் அந்த வணிகன் தெரிவான். சுண்ணாம்புப் பூச்சின் மேல் பூ பூவாகப் பதிந்திருப்பது சீனப் பீங்கான். பூவின் நடுவில் ஒரு சிறு தட்டோ கிண்ணமோ முழுசாகக் கவிழ்ந்திருக்கிறது. அதைச் சுற்றி இதழ் வடிவத்தில் நறுக்கிய துண்டுகள், பச்சையும் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக. இடையிடையே கடற்சிப்பிகளும் உண்டு. சோறு வைத்துச் சாப்பிட்டிருக்கக்கூடிய தட்டின் விளிம்பு, ஒரு யட்சனின் தோளுக்கு மேலே வளைந்து கிடக்கிறது.

இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: சீனத்திலிருந்து திரும்பும் கப்பல்கள் சாயாமல் இருக்க அடியில் ஏற்றிய பாரம்தான் இந்தப் பீங்கான், உடைந்ததை வீணாக்காமல் கோயிலில் ஒட்டிவிட்டார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. சயாமிலிருந்து அரிசியும் மரமும் கனமாகப் போக, அங்கிருந்து பட்டு போன்ற லேசான சரக்கு வந்தது; கப்பலுக்கு அடிபாரம் தேவைப்பட்டது. இக்கோயிலிலும் எதிர்க்கரை வாட் போவிலும் நிற்கும் சீனக் கற்சிலைகள் அப்படி வந்தவை என்றே கருதப்படுகிறது. ஆனால் குப்பையை ஒட்டியிருந்தால் இதழ்கள் இவ்வளவு ஒழுங்காக, நிறம் பார்த்து, அளவு பார்த்து அமைந்திருக்காது. பீங்கானை நறுக்கி ஒட்டிப் பூவும் பறவையும் செய்வது தென்சீனத்தில், குறிப்பாக தியோசூ, ஃபூஜியன் வட்டாரங்களில், கோயில் கூரைகளுக்கே உரிய கைத்தொழில். சிங்கப்பூரில் நாகூர் தர்கா இருக்கும் தெலுக் ஆயர் தெருவிலேயே, 1842இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் கோயிலின் கூரை முகட்டில் நம்மவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். ஆகவே கப்பலில் பொருள் மட்டும் வரவில்லை. அதைக் கையாளும் வித்தையும் குடியேறிகளோடு வந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. கோபுரத்தின் வடிவம் கெமர் மரபு. அதன் பொருள் மேரு மலை. மேலே மூன்று தலை ஐராவதத்தில் இந்திரன், நான்கு மூலைச் சிறு கோபுரங்களில் வாயு, அடுக்குகளைத் தாங்கும் யட்சர்களும் வானரர்களும், பிக்குகளுக்குத் தீட்சை தரும் மண்டபத்தின் வாசலில் காவல் நிற்கும் ராவணன். பௌத்தப் பிரபஞ்சமே இங்கே செங்கல்லும் சுதையுமாக நிற்கும்போது அதை வணிகச் சின்னம் என்பது பக்தியைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். ஈட்டியதைத் தானமாக்கிப் புண்ணியம் சேர்ப்பது தேரவாத அரசர்களின் கடமை. ஈட்டியது கப்பலில் என்றால் தானத்திலும் கப்பலின் சுவடு இருக்கத்தான் செய்யும். மூன்றாம் ராமா அந்தச் சுவட்டை மறைக்க விரும்பியவரும் அல்ல. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாட் யன்னாவா கோயிலில் அவர் ஒரு சீனப் பாய்மரக் கப்பலின் வடிவத்திலேயே மேடை எழுப்பி, அதன் மேல் இரண்டு ஸ்தூபிகளை வைத்தார். ஐரோப்பிய பாணிக் கப்பல்களின் முன்னால் ஜங்க் எனப்படும் இந்தச் சீனக் கப்பல்கள் மறைந்துவிடும், பின்வரும் தலைமுறை அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மறைந்த நான்கு ஆண்டுகளில், 1855இல் பிரிட்டனோடு செய்த பவ்ரிங் ஒப்பந்தம் அரச வணிக ஏகபோகத்துக்கு முடிவு கட்டியது.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் 2017இல் முடிந்த புதுப்பிப்புப் பணியைப் பற்றிய சண்டையையும் வேறு விதமாகப் பார்க்கலாம். கோபுரம் முன்பைவிட வெளுத்துவிட்டது, நிறம் போய்விட்டது என்று பலர் கொதித்தார்கள். அசல் வடிவத்தையே பின்பற்றியதாக நுண்கலைத் துறை சொன்னது. வெண்மை பற்றிய புகாரில் எனக்கு உடன்பாடு இல்லை. சுண்ணாம்பு வெள்ளைதான், மக்கள் பார்த்துப் பழகியது பாசியும் அழுக்கும் படிந்த நிறம். பழைய பீங்கானை எடுத்த இடங்களில் புதிய துண்டுகளைப் பதித்ததுதான் எனக்கு வருத்தம் தருகிறது. எந்தச் சூளையில் வெந்தது, எந்த வட்டாரத்துச் சரக்கு என்பதை அந்தத் தட்டுகளின் களிமண்ணும் மெருகும் தூரிகைக் கோடுகளும்தான் சொல்லும். பதிலுக்கு வைத்த துண்டு கண்ணுக்கு ஒத்துப்போகலாம், சாட்சி சொல்லாது. எந்த அடுக்கில் எந்தப் பூவிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு, அகற்றிய துண்டுகள் கோயில் வளாகத்திலேயே பயணிகளின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.