வளரும் எலும்பும் மாற்றுக் காலும்: போரில் காயமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவத் தொண்டின் வரலாறு

போரில் காயமுற்ற குழந்தைக்கு மருத்துவம் கிடைக்கச் செய்யும் தொண்டு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வழிகளில் வளர்ந்தது. குழந்தையைத் தொலைநாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது முதல் வழி. அறுவைக்கூடத்தையும் செயற்கை உறுப்புப் பட்டறையையும் குழந்தை வாழும் ஊருக்கே கொண்டுவருவது மற்றொன்று. முதல் வழி செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டதெனினும், இரண்டாவது வழியே குழந்தையின் உடலுக்குப் பொருந்தியது என்பதை ஈழப்போர்க் கால மருத்துவ வரலாறு காட்டுகிறது.

இதன் காரணம் எலும்பின் வளர்ச்சியில் இருக்கிறது. கால் வெட்டப்பட்ட குழந்தையின் எஞ்சிய எலும்பு, சுற்றியுள்ள தசையையும் தோலையும் விட விரைவாக நீண்டு தோலைத் துளைக்க முற்படுவதால், ஒரு முறை முடிந்த அறுவையை மீண்டும் செய்ய நேரிடுகிறது. செயற்கைக் காலில் எஞ்சிய உறுப்பைத் தாங்கும் கிண்ணம் போன்ற பகுதியும் சில மாதங்களிலேயே இறுகிவிடுகிறது. பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செயற்கைக் காலை மாற்றினால் போதும். வளரும் குழந்தைக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பத்து வயதில் கால் இழந்த ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 25 கால்கள் தேவைப்படும் என்பது பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு.

முதல் வழிக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஹிரோஷிமாவிலிருந்து வந்தது. 1945இல் அணுகுண்டுத் தீயில் சிறுமியராக வெந்து, முகமும் கைகளும் சுருங்கிப்போன 25 இளம்பெண்கள், பாதிரியார் கியோஷி தனிமோட்டோவும் இதழாசிரியர் நார்மன் கசின்ஸும் எடுத்த முயற்சியால் 1955இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். குவேக்கர் சமயக் குடும்பங்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்துப் பேணின. ஒருவர் அறுவையின்போது இறந்துபோனார். அப்பெண்களுக்கு ஒட்டறுவை செய்தவர்களில் ஒருவரான ஆர்தர் பார்ஸ்கியே பின்னர் வியட்நாம் போரின்போது, தீக்காயமுற்ற குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்புவதைக் காட்டிலும் சைகோனிலேயே மருத்துவமனை நடத்துவது மேல் என்று முடிவுசெய்து, 1969இல் அங்கு குழந்தைகளுக்கான ஒட்டறுவைப் பிரிவைத் திறந்தார் என்பது இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் திருப்பம் தேவையின் நெருக்கடியால் நேர்ந்தது. மிதிவெடி என்று அங்கு வழங்கும் கண்ணிவெடியாலும் எறிகணைகளாலும் கால் இழந்தோர் பெருகியபோது, 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் தொடங்கப்பட்டது. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968இல் உருவாக்கிய அந்த ரப்பர்ப் பாதம், வெறுங்காலுடன் நடப்பவர்க்கும், சம்மணமிட்டு அமர்பவர்க்கும், சேற்று வயலில் இறங்குபவர்க்கும் ஏற்றதாக இருந்தது. அதை உள்ளூர்க் கைவினைஞரே செய்யவும் பழுதுபார்க்கவும் முடிந்ததால், வளரும் பிள்ளை ஒவ்வொரு முறையும் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கவில்லை. வன்னியில் வெண்புறா நிறுவனம் இதே பணியைச் செய்தது. பருத்தித்துறையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அறுவை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பணியாற்றினர்.

இப்பணியைச் செய்தவர்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து சுட்டதில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர்; மறுநாள், உள்ளே சிக்கியிருந்த செவிலியரை மீட்க முன்வந்த குழந்தை மருத்துவ வல்லுநர் அ. சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவில் இவ்வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்வைக் கடந்துபோவது நேர்மையாகாது. 1990 நவம்பரில் அம்மருத்துவமனை செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின்கீழ் வந்தபின்னரே அங்கு ஓரளவு அச்சமின்றி மருத்துவம் பார்க்க முடிந்தது.

2009இல் வன்னியில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பிப்ரவரித் தொடக்கத்தில் எறிகணைக்கு இலக்கானதால் நோயாளிகள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டனர். அங்கே த. வரதராஜா, த. சத்தியமூர்த்தி முதலான அரசு மருத்துவர்கள் மயக்கமருந்தும் குருதியும் போதாத நிலையில் அறுவை செய்தனர். பிப்ரவரி முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு காயமுற்றோரும் நோயுற்றோரும் உடன்சென்றோருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே வெளியேற்றியது. மார்ச் மாதம் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு கள மருத்துவமனை அமைத்தது. 2010இல், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த மெனிக் முகாமில் நடந்த ஜெய்ப்பூர்க் கால் வழங்கும் முகாமில் ஏறத்தாழ 1,400 பேர் பயன்பெற்றனர். அது பெரும் உதவியே. ஆயினும் சில வாரங்களில் முடியும் முகாமில் கால் பெற்ற சிறுவனுக்கு அடுத்த ஆறாவது மாதத்தில் அது பொருந்தாமல் போகும் என்பதால், அந்தப் பகுதியிலேயே நிலைத்திருந்த பட்டறைகளின் பங்கே பெரிது.

தமிழ்நாட்டுக்கு 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த ஏதிலியரிடையே, எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்வாசிகளையே நலத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. 1991 மே மாதத்துக்குப் பின் வெளியார் முகாம்களுக்குள் செல்வது கடினமானபோது, உள்ளிருந்தே உருவான இத்தொண்டர்களின் அருமை கூடியது. கொங்கு நாட்டில் பவானிசாகரிலும், காங்கேயத்துக்கு அண்மையிலுள்ள அறச்சலூரிலும், கோவையை ஒட்டிய பூலுவப்பட்டியிலும் அத்தகைய முகாம்கள் இன்றும் உள்ளன.

இதே கொங்கு மண்ணில் 1978இல் தொடங்கிய கோவை கங்கா மருத்துவமனை, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து சதை சிதைந்த காயங்களில் காலைக் காப்பதா வெட்டுவதா என்று தீர்மானிக்க உலகெங்கும் அறியப்பட்ட ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. மதிப்பெண் 14க்கு மேற்படாவிட்டால் காக்க முயல வேண்டும். 17ஐ எட்டினால் வெட்டுவதே நலம். இடைப்பட்டவை மருத்துவரின் தீர்ப்புக்கு உரியவை. எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் ஒரே மேசையில் கூடி, பல மணி நேரம் உழைக்க முடிந்த இடத்தில்தான் இக்கணக்குக்குப் பொருள் உண்டு. கோவையில் காக்கப்பட்டிருக்கக்கூடிய காலைப் புதுமாத்தளனில் வெட்ட நேர்ந்ததற்குக் காயத்தின் கடுமையை விட, குருதியும் மருந்தும் தடுக்கப்பட்டதே பெரிய காரணம்.

கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. போரில் குழந்தைகள் கால் இழப்பதும் நிற்கவில்லை: காசாவில் 2023 நவம்பர் முடிவதற்குள்ளேயே ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் ஒரு காலையோ இரு கால்களையுமோ இழந்துவிட்டதாக யுனிசெப் அறிவித்தது. அவர்களுக்காக இன்று நிதி திரட்டுவோர், முதல் அறுவைக்கும் விமானச் செலவுக்கும் மட்டும் கணக்கிடாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் இனித் தேவைப்படும் ஏறத்தாழ 25 கால்களையும், அவற்றைச் செய்து கொடுக்கும் பட்டறையை அந்த ஊரிலேயே நிலைநிறுத்தும் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.