சர்ப்பகந்தி வேரும் ஞாபக சக்தியும்

இன்று ஒரு வேரின் கதை.

புத்தி பேதலித்தவர்களுக்குச் சர்ப்பகந்தி வேர் கொடுப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதை ஆராய்ந்து, மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் நல்ல மருந்து என்று எழுதினார்கள். யார் கேட்டார்கள்? 1949-இல் பம்பாய் டாக்டர் வகீல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் வெளிநாட்டார் காதில் விழுந்தது! 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தது. அது மூளையில் செரடோனினைக் காலி செய்கிறது என்று 1955-இல் அமெரிக்காவில் பிரோடி குழுவினர் காட்டினார்கள். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் ரசாயனங்களில் செரடோனினும் ஒன்று.

அதை ஞாபகத்தோடு இணைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் எரிக் காண்டெல். கடல் நத்தையின் நரம்பு செல்கள் மேல் செரடோனினை ஒரு முறை விட்டால், செல்களின் இணைப்பு சில நிமிடம்தான் பலப்பட்டது. இடைவெளி விட்டு ஐந்து முறை விட்டால் ஒரு நாளுக்கு மேல் நின்றது. (வாய்ப்பாட்டைத் தினமும் சொல்ல வைத்த வாத்தியார்களுக்கு இது புதிதா என்ன?) 2000-இல் அவருக்கு நோபல் பரிசு.

அல்சைமர் நோயில் செரடோனின் செல்களும் அழிகின்றன. அந்த வழியில் செய்த இடலோபிர்டின் என்ற மருந்து பெரிய சோதனைகளில் தோற்றுவிட்டது.

ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. நம் திருப்புட்குழிப் பக்கம் மறதி வந்த பெரியவர்களை "வயசாயிடுச்சு" என்று திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். மனச்சோர்வாலும் மறதி வரும். பி12 சத்தோ தைராய்டு சுரப்போ குறைந்தாலும் வரும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு.