கடலுக்குள் காணி வாங்கினவர்கள்

போன கிழமை ரொறன்ரோவில் இருந்து மச்சான் எடுத்தான். வழமையாக அவன் எடுத்தால் ஊரில் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலியாணமாக இருக்க வேண்டும். இந்த முறை இரண்டும் இல்லை.

"டேய், ஜெபல் அலியிலை கடலுக்குள்ளை தீவு விக்கிறாங்களாம். அதுக்குப் பக்கத்திலை கட்டப்போற பிளாட் ஒண்டுக்குப் பத்து வீதம் கட்டச் சொல்லுறான் புரோக்கர். நீ உங்கைதானே நிக்கிறாய், ஒருக்கா விசாரிச்சுச் சொல்லன்."

நிற்கிறேன்தான். 2007 இல் வந்து ஒரு உணவகத்தின் குசினியில் நிற்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. என் படிப்பும் அதோடு சரி. அகதி என்று இந்த நாட்டில் ஒரு விசா கிடையாது. என்னிடம் இருப்பது வேலை விசா. கோப்பை கழுவத் தொடங்கியவனிடம் வீடு வாங்க ஆலோசனை கேட்பது பகிடியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே தீவைப் பற்றி ஊரே கதைத்துப் பிறகு ஊரே வாயை மூடிய காலத்தில் நான் இங்கே நின்றிருக்கிறேன்.

கதையைக் கொஞ்சம் முன்னால் இருந்து சொல்கிறேன். ஜெபல் அலி என்றால் முதலில் துறைமுகம்தான். ஷேக் ராஷித் காலத்தில் பாலைவனக் கரையைத் தோண்டிக் கட்டினார்கள். 1979 இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்து வைத்தார். கட்ட வந்த வெளிநாட்டு அலுவலர்களுக்காக ஜெபல் அலி வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு எழும்பியது. 1985 இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. எது வந்தாலும் வெளிநாட்டுக்காரனுக்கு வீடு என்றால் கம்பனி தந்த அறை அல்லது வாடகை. சொந்தம் என்ற பேச்சே இல்லை.

2002 இல் அது மாறியது. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த ஷேக் முகமது, வெளிநாட்டவரும் குறித்த இடங்களில் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று அறிவித்தார். அதே வருடம் நகீல் நிறுவனம் ஜெபல் அலிக் கடலில் பேரீச்சை மர வடிவத்தில் தீவு போட மணல் கொட்டத் தொடங்கியது. (பாம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு மனதில் வருவது பனை. கடலுக்குள் பனையா என்று கேட்ட ஒரு கிழவரையும் எனக்குத் தெரியும்.)

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அறிவிப்பு 2002 இல். அந்த உரிமையை எழுத்தில் உறுதி செய்த 7 ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2006 இல். இடையில் நாலு வருடம் சனம் ஒரு வாய்ச்சொல்லையும் வர்ணப் புத்தகத்தையும் நம்பிக் காசு கட்டியது. லாபம் பார்த்தவர்களும் கனபேர். அதுதான் பிறகு வந்தவர்களுக்கு வினையாகிப் போனது.

நானும் பிறகு வந்தவன்தான். 2008 இல் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்த ஒரு தரகர், நல்ல தமிழில், "பத்து வீதம் கட்டுங்கோ, மூண்டு மாசத்திலை கைமாத்தி விடலாம்" என்றார். அறையில் இருந்த எட்டுப் பேர் ஆளுக்கு 5,000 திர்ஹாம் போட்டோம். மொத்தம் 40,000. என்னுடைய பங்கில் பாதி, அம்மா தன் காப்பை விற்று எனக்குத் தந்துவிட்ட காசு. காசு போனது தரகரின் கந்தோருக்கு. கைக்கு வந்தது ஒரு பற்றுச்சீட்டு, அதுவும் எங்களில் ஒருவர் பெயரில் மட்டும்.

கட்டி முடியாத வீட்டுக்கு வாங்குபவர் கட்டும் காசு, அந்தத் திட்டத்துக்கென்றே வங்கியில் திறந்த எஸ்குரோ கணக்குக்குத்தான் போகவேண்டும் என்ற சட்டம் 2007 இலேயே வந்துவிட்டது. 8 ஆம் இலக்கச் சட்டம். அதே வருடம் ரேரா என்ற கண்காணிப்பு அமைப்பும் வந்தது. 2008 இல் வந்த 13 ஆம் இலக்கச் சட்டம், கட்டி முடியாத வீட்டு விற்பனையை இடைக்காலப் பதிவேட்டில் பதியாவிட்டால் அது செல்லாது என்றது. இவ்வளவும் எழுத்தில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி, "எந்தக் கணக்குக்குக் கட்ட வேணும்?" என்று கேட்டிருந்தால் அந்த மனிசன் எழும்பிப் போயிருப்பார். பல்கலைக்கழகத்துக்குப் போனவன் என்று எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் சந்தை விழுந்தது. உச்சத்தில் இருந்த விலை பாதிக்கும் கீழே போனது. 2009 நவம்பர் 25, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, குசினியில் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தோம். நகீலின் தாய்க் கம்பனியான துபாய் வேர்ல்ட் கடனைக் கட்ட அவகாசம் கேட்கிறது என்று தொலைக்காட்சியில் ஓடியது. தரகரின் கந்தோர் அதற்கு முன்பே பூட்டு. பாம் ஜெபல் அலி மணலோடு நின்றுவிட்டது. காசு கட்டியவர்களில் சிலருக்கு வேறு இடத்தில் மாற்று வீடு கிடைத்தது. மற்றவர்கள் வருடக்கணக்காக இழுபட்டார்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஆகாயத்தில் இருந்து பார்த்தால் அழகான மரம், அதில் குடியிருக்க ஒரு வீடு இல்லை. 2023 இல்தான் புதுத் திட்டத்தோடு, 13.4 சதுர கிலோமீட்டர் என்று, திரும்பவும் விற்பனைக்கு வந்தது.

மச்சானுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். திட்டம் பதிவானதா, எஸ்குரோ கணக்கு எது, தரகருக்கு உரிமம் உண்டா என்பதையெல்லாம் இப்போது காணித் திணைக்களத்தின் துபாய் ரெஸ்ட் செயலியில் பார்க்கலாம். காசோலை எஸ்குரோ கணக்கின் பெயருக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 2013 இல் இருந்து 4 வீதம், அதை விலையோடு சேர்த்துக் கணக்குப் பார். விற்கிறவன் என்றால் பராமரிப்புக் காசு நிலுவையைக் கட்டி, கட்டியவனிடம் தடையில்லாக் கடிதம் எடுக்காமல் பெயர் மாற்ற முடியாது. இன்னொன்று, நீ செத்தால் பிள்ளைகள் இங்கே அலையாமல் இருக்க உயில் பதிந்து வை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2015 இல் இருந்து டி.ஐ.எப்.சியில் அந்த வசதி இருக்கிறது.

"நீ என்னடா நொத்தாரிசு மாதிரிக் கதைக்கிறாய்" என்று சிரித்தான்.

எங்கள் வீட்டில் உறுதிக்குக் குறைவில்லை. பலாலிப் பக்கம் அம்மாவுக்குச் சீதனமாக வந்த எட்டுப் பரப்பு. எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் சுத்தமாக எழுதி, நொத்தாரிசு கையெழுத்தோடு, காணிக் கந்தோரில் பதிந்த உறுதி. 1990 இல் அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் அம்மா வெளிக்கிட்டவ. எனக்கு அப்போது பத்து வயது. வலிகாமம் வடக்கில் எத்தனையோ காணிகள் விடுபட்டுவிட்டன. எங்களுடையது இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. அவனுக்குக் காணி இல்லாமல் கடதாசி வரலாம், எங்களுக்குக் கடதாசி இருந்தும் காணி இல்லை. அம்மா இப்போதும் வருடத்துக்கு ஒருக்கா உறுதியை வெளியில் எடுத்து, செல் அரிக்காமல் இருக்க வெயிலில் காய வைக்கிறா.

மச்சான் திட்டத்தின் பெயரையும் புரோக்கர் அனுப்பிய வங்கி இலக்கத்தையும் வாட்சப்பில் போட்டிருக்கிறான். நாளை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.