ஓங்கோலில் எட்டுப் பேர்

1867 ஜனவரி 1 அன்று ஓங்கோலில் பாப்டிஸ்ட் சபை தொடங்கியபோது உறுப்பினர் எண்ணிக்கை எட்டு. அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப் ஊருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்று அது சென்னை மாகாணத்து ஊர்.

சபைக்குள் முதலில் திரளாக வந்தவர்கள் தோல் தொழில் செய்த மாதிகா மக்கள். அவர்களைச் சேர்க்காவிட்டால் தாங்கள் வருவதாகச் சாதி இந்துக்கள் சிலர் பேரம் பேசினார்கள். கிளஃப் இசையவில்லை. சபையின் தலையெழுத்தை முடிவு செய்தது இந்த மறுப்புதான் என்று சொல்லலாம்.

பிறகு தாது வருஷப் பஞ்சம். கிளஃபுக்கு நில அளவைப் பயிற்சி உண்டு. பஞ்ச நிவாரண வேலையாக நடந்த பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். மண் சுமந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. ஓய்வு வேளையில் சபையின் உபதேசியார்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று பஞ்சம் முடியும் வரை ஞானஸ்நானத்தையே நிறுத்திவைத்தார். கெட்டிக்கார மனிதர்.

கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலை 3 அன்று, ஓங்கோலுக்கு வடக்கே வெல்லம்பள்ளியில், குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் மூழ்கி எழுந்தார்கள். ஆற்றில் இறங்கியவர்கள் ஆறு போதகர்கள். இரண்டிரண்டு பேராக, களைத்தவர் கரையேற அடுத்தவர் இறங்கினார். நடுப்பகலில் இடைவேளையும் விட்டார்கள். கிளஃப் ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

எட்டுப் பேர் சபை பன்னிரண்டே ஆண்டுகளில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. கிராமந்தோறும் தனிச் சபைகளாகப் பிரிப்பதே அடுத்த வேலையாயிற்று.