டப்பாவுல 3600, பயாஸ்ல 2133

பொட்டி தட்டும் மக்களே, 3600னு போட்ட டிடிஆர்4 ரேமை வாங்கி மாட்டினா பயாஸ் பெரும்பாலும் 2133 அல்லது 2666னு தான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தலை. இதுக்கு ஒரு குட்டி வரலாறு இருக்கு.

ரேம் பட்டையில எஸ்பிடினு ஒரு சின்ன சிப் உண்டு. ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த வேகங்கள் அதில் பதிஞ்சிருக்கும். மதர்போர்டு நம்புவது அதைத்தான். டிடிஆர்4க்கு ஜெடெக்கின் உச்சவரம்பு 3200. அதைத் தாண்டினா ஓவர்கிளாக்கிங் கணக்கு.

முன்னெல்லாம் டைமிங், வோல்டேஜ் எல்லாத்தையும் நாமே கையால தட்டணும். 2006ல் என்விடியாவும் கோர்செயரும் இபிபினு ஒண்ணு கொண்டு வந்து, அந்த எண்களை எஸ்பிடியின் காலி இடத்திலேயே எழுதி வச்சாங்க. 2007ல் டிடிஆர்3க்காக இன்டெல்லின் எக்ஸ்எம்பி. 2022ல் டிடிஆர்5க்காக ஏஎம்டியின் எக்ஸ்போ.

இத்தனைக்கும் பிறகு மாறாதது ஒண்ணுதான்: சுவிட்சை நாமதான் போடணும். ஏன்னா 1.2 வோல்ட் 1.35 ஆகும், பிராசசருக்குள்ள இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்கணும். வாரண்டி போகலாம்னு இன்டெல்லே எச்சரிக்குது.

போடாம விட்டா கொடுத்த காசு தண்டம். போட்டா, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்காம நான் முக்கியமான ஃபைல் எதையும் தொடமாட்டேன். நீங்க எப்படி?